கடல் தாண்டிய பூக்கள்

மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் நமக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். சோபர்ஸ், ரிச்சர்ட்ஸ், லாரா எல்லோரும் அந்தத் தீவுகளில் பிறந்தவர்கள்.

அங்கே வீட்டுத் தோட்டத்தில் என்ன பூச்செடி வளர்க்கிறார்கள், தெரியுமா?

"அது எங்கோ இருக்கிறது. நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். ஆனால் அங்கே ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால், பாதிப் பூக்களை நீங்களே பெயர் சொல்லிக் கூப்பிடலாம்! வேலியில் செம்பருத்தி. சுவர் மேல் காகிதப் பூ. வாசல் ஓரம் இட்லிப் பூ. தெரு முனையில் தீப்பற்றியது போல ஒரு நெருப்புக்கொன்றை மரம்.

நம் ஊர்ப் பூ அங்கே எப்படிப் போயிற்று? அங்கே பிறந்த பூ நம் கோவிலுக்கு எப்படி வந்தது? ஒவ்வொரு பூவுக்கும் ஒரு கதை இருக்கிறது. சில கதைகள் சிரிப்பு மூட்டும். ஒரு கதை கண்ணீர் வரவழைக்கும்.

கொலம்பஸ் வைத்த பெயர்

வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே கரிபியன் கடல் இருக்கிறது. அந்தக் கடலின் ஓரத்தில், வில் போல வளைந்து கிடக்கின்றன இந்தத் தீவுகள். 1492-ல் கொலம்பஸ் அங்கே போய் இறங்கினார். இந்தியாவின் பக்கம் வந்துவிட்டதாக நினைத்தார். அதனால்தான் அந்தத் தீவுகளின் பெயரில் 'இந்திய' என்ற சொல் ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு நடந்தது கொடுமை. அங்கே முன்பே வாழ்ந்த மக்களில் பெரும்பாலோர் நோயாலும் போராலும் கடும் வேலையாலும் அழிந்து போனார்கள். ஐரோப்பியர்கள் கரும்பு நட்டார்கள். கரும்பு வெட்ட ஆப்பிரிக்காவில் இருந்து மக்களைச் சங்கிலியில் பிணைத்துக் கொண்டுவந்தார்கள்.

இன்று அந்தத் தீவுகளில் வாழ்வோரில் மிகப் பலர், அப்படிக் கப்பலில் வந்தவர்களின் பேரப் பிள்ளைகள். அவர்கள் தோட்டத்துச் செடிகளில் பலவும் அப்படித்தான். கப்பலில் வந்தவை.

சப்பாத்துக்குப் பூ

செம்பருத்தியை எடுத்துக்கொள்வோம். இது ஆசியாவில் இருந்து போன செடி. நாம் தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறோம். அம்மனுக்குச் சாத்துகிறோம். ஜமைக்கா தீவில் இதற்கு என்ன பெயர் தெரியுமா? சப்பாத்துக் கருப்புப் பூ! பூவைக் கசக்கிக் கருப்புச் சப்பாத்தின் மேல் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும். 'பாலிஷ்' வாங்கும் செலவு மிச்சம்.

இட்லிப் பூ நம்முடைய தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்த பூ. பழைய தமிழ் நூல்களில் இதற்கு வெட்சி என்று பெயர். பகைவரின் மாடுகளைக் கவரப் போகும் வீரர்கள் இந்தப் பூவைச் சூடிக்கொண்டு போவார்களாம். உலகத்துத் தாவர நூல்களில் இதன் பெயர் 'இக்சோரா'. அது வேறு ஒன்றும் இல்லை. 'ஈசுவரா' என்பதுதான்! மலையாளக் கரையில் சுவாமிக்கு இந்தப் பூவைச் சாத்துவதைப் போர்ச்சுக்கீசியர்கள் பார்த்தார்கள். அவர்கள் வாயில் ஈசுவரன் 'இக்சோரா' ஆகிவிட்டார். இப்போது தீவுக்குத் தீவு வீட்டு வேலிகளில் ஈசுவரன் பெயர் பூத்துக் கிடக்கிறது. அந்த வீட்டுக்காரர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

நம் வாகை மரமும் அங்கே போயிருக்கிறது. வெற்றி பெற்ற தமிழ் மன்னர்கள் சூடிய வாகை! அங்கே அதற்கு வைத்திருக்கும் பெயர், 'பெண்ணின் நாக்கு'. காய்ந்த காய்கள் காற்றில் ஓயாமல் சலசலத்துக்கொண்டே இருக்கும் அல்லவா? அதனால் அந்தப் பெயர். வாசகிகள் கோபிக்க வேண்டாம். பெயர் வைத்தவர்கள் நாம் அல்ல!

ஆண் வேடத்தில் ஒரு பெண்

காகிதப் பூவுக்கு ஆங்கிலத்தில் 'போகன்வில்லா' என்று பெயர். போகன்வில் என்பவர் பிரெஞ்சுக் கப்பல் தலைவர். உலகைச் சுற்றி வரப் புறப்பட்டவர். 1767-ல் அவருடைய கப்பல் பிரேசில் நாட்டில் நின்றது. கப்பலில் கோமர்சன் என்ற செடி நூல் வல்லுநர் இருந்தார். ரியோ டி ஜெனிரோ நகரின் பக்கம் இந்தக் கொடி அவர் கைக்குக் கிடைத்தது. தலைவர் பெயரையே செடிக்கு வைத்தார்கள்.

கோமர்சனுக்கு ஓர் உதவியாள் உண்டு. கனமான மூட்டைகளைச் சுமந்துகொண்டு காடு மேடெல்லாம் அலைந்து செடி சேகரித்தது அந்த உதவியாள். எல்லோரும் ஆண் என்றே நினைத்தார்கள். உண்மையில் அவர் ஒரு பெண்! பெயர் ழான் பாரே. பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏறக் கூடாது என்று சட்டம். அதனால் ஆண் வேடம் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். வழியில் குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஆனாலும் அவர் உலகைச் சுற்றி ஊர் போய்ச் சேர்ந்தார். உலகைச் சுற்றி வந்த முதல் பெண் அவர்தான்.

தலைவர் பெயர் கோடிக் கணக்கான வேலிகளில் பூக்கிறது. இந்தப் பெண்ணின் பெயர் ஒரு செடிக்கு நிலைத்தது 2012-ஆம் ஆண்டில்தான்.

ஒரு சின்னச் செய்தி. காகிதப் பூவில் சிவப்பாக, ஊதாவாக நாம் பார்ப்பது பூ அல்ல. அது நிறம் மாறிய இலை. நடுவே குச்சி போல் வெள்ளையாக நிற்கிறதே, அதுதான் பூ. நம்பாவிட்டால் ஒன்றைப் பறித்துப் பாருங்கள். கிரெனடா தீவின் தேசிய மலர் இதுவே.

பார்க்காத மரத்துக்குப் பெயர்

நெருப்புக்கொன்றைக்கு ஊர் ஆப்பிரிக்காவை ஒட்டிய மடகாஸ்கர் தீவு. 1820-களில்தான் ஐரோப்பியர்கள் அதை அங்கே கண்டார்கள். கண்டதும் மயங்கிப் போனார்கள். விதையைக் கப்பலில் ஏற்றி உலகமெல்லாம் பரப்பினார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்ததும் அப்படித்தான்.

இதை 'பாயின்சியானா' என்றும் சொல்வார்கள். பாயின்சி என்பவர் 1600-களில் செயின்ட் கிட்ஸ் தீவை ஆண்ட பிரெஞ்சுக் கவர்னர். அவர் 1660-ல் இறந்துவிட்டார். ஆகவே இந்த மரத்தை அவர் கண்ணால் கூடப் பார்த்திருக்க மாட்டார். அவர் பெயர் முதலில் வேறொரு செடிக்கு இருந்தது. பூவின் சாயல் ஒன்றாக இருக்கவே, மரத்துக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. இன்று செயின்ட் கிட்ஸ், நெவிஸ் என்னும் இரட்டைத் தீவு நாட்டின் தேசிய மலர் இது.

அந்த வேறொரு செடி எது? அதைப் பிறகு சொல்கிறேன். கண்ணீர்க் கதை என்று சொன்னேனே, அது அந்தச் செடியின் கதைதான்.

நம் கோவிலுக்கு வந்த பூ

இதுவரை அங்கே போன பூக்களைப் பார்த்தோம். அங்கிருந்து வந்ததும் உண்டு.

ஈழத்தலரி மரத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தடித்த கிளைகள். ஒடித்தால் பால் வடியும். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். மணமோ மணம்! இலங்கையில் பௌத்த விகாரைகளில் தட்டுத் தட்டாக இதை வைத்து வணங்குவார்கள். நம் கோவில் பிரகாரங்களிலும் இந்த மரம் நிற்கும். அதனால் இது நம் நாட்டு மரம் என்றே பலர் நினைக்கிறார்கள்.

இது அமெரிக்கக் கண்டத்து மரம். சிவப்புப் பூ வகைக்கு மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. வெள்ளைப் பூ வகை ஒன்று கரிபியன் தீவுகளிலேயே காடாக வளர்கிறது. 'புளுமேரியா' என்பது நூல் பெயர். சார்லஸ் புளுமியே என்ற பிரெஞ்சுத் துறவியின் நினைவாக வைத்தது. அவர் மூன்று முறை கடல் தாண்டிப் போய் அந்தத் தீவுகளின் செடிகளை எல்லாம் படம் வரைந்தார். நான்காம் முறை புறப்படும் நேரத்தில், 1704-ல் இறந்து போனார்.

அங்கே இது காடாக வளரும் மரம். நமக்குச் சாமி மரம்.

இந்தப் பூவிடம் ஒரு சூது இருக்கிறது. இரவில் இதன் மணம் கூடும். அந்த மணத்துக்கு மயங்கிப் பெரிய அந்துப்பூச்சிகள் வரும். தேன் இருக்கும் என்று நம்பி நாக்கை உள்ளே விடும். உள்ளே ஒரு சொட்டுத் தேன் கூட இருக்காது! பூச்சி அடுத்த பூவுக்குப் போகும். அங்கேயும் ஏமாறும். இப்படிப் பூவுக்குப் பூ அலையும்போது மகரந்தம் ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும். செலவே இல்லாமல் காரியம் முடிந்தது!

ஆனால் மரத்துக்கும் ஓர் எமன் உண்டு. கருப்பு உடம்பு, மஞ்சள் வளையம், சிவப்புத் தலை உள்ள ஒரு புழு. அரை அடி நீளம் வரை வளரும். சில நாட்களில் மரத்தையே மொட்டை அடித்துவிடும். தீவுத் தோட்டக்காரர்கள் அதற்காக அழுவதில்லை. மரம் மீண்டும் துளிர்த்துக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கணவனுக்கு ஒரு பூ, மனைவிக்கு ஒரு பூ

டொமினிக்கா, செயின்ட் லூசியா தீவுகளில் ஹெலிக்கோனியா என்று ஒரு செடி. இலை வாழை இலை போல இருக்கும். பூங்கொத்து, நண்டின் கொடுக்குகளை அடுக்கி வைத்தது போல இருக்கும். சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும். இதற்குச் சொந்த ஊரே அந்தத் தீவுகள்தான்.

இதன் தேனைக் குடிக்க ஒரு ரீங்காரப் பறவை வருகிறது. 'ஹம்மிங் பறவை' என்பார்களே, அந்த இனம். சிட்டுக்குருவியை விடச் சிறியது. கழுத்தில் ஊதா நிறம் மின்னும். சிறகை மிக வேகமாக அடித்துக்கொண்டு, அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும்.

இதில் ஆணுக்கு அலகு குட்டை. பெண்ணுக்கு நீளம், வளைவும் அதிகம். ஏன்? ஹெலிக்கோனியாவில் இரண்டு வகை உண்டு. ஒன்றின் பூ குட்டை. மற்றதன் பூ நீண்டு வளைந்தது. ஆண் பறவை குட்டைப் பூவுக்குப் போகிறது. பெண் பறவை வளைந்த பூவுக்குப் போகிறது. அலகும் பூவும் பூட்டும் சாவியும் போலப் பொருந்துகின்றன! செயின்ட் லூசியா தீவில் ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2000-ஆம் ஆண்டில் இதை எழுதினார்கள். ஒரே வீட்டில் இருந்தாலும் அவரவர் தட்டு அவரவருக்கு!

ஜமைக்காவின் தேசிய மலரும் அந்த மண்ணில் பிறந்ததே. 'லிக்னம் வைட்டே' என்று பெயர். 'உயிர் மரம்' என்று பொருள். நீலப் பூ அழகுதான். ஆனால் மனிதன் பார்த்தது மரத்தை. அது தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் கட்டை. அவ்வளவு கனம்! கட்டைக்குள்ளேயே பிசின் இருப்பதால் எண்ணெய் போடாமலே வழுக்கும். கப்பல் விசிறித் தண்டு சுழலும் இடத்தில் இந்தக் கட்டையைப் பொருத்தினார்கள். வெட்டினார்கள், வெட்டினார்கள், காட்டில் அரிதாகிவிட்டது. இப்போது நாடு விட்டு நாடு விற்கக் கட்டுப்பாடு இருக்கிறது.

மயில்கொன்றை கண்ட துயரம்

இப்போது அந்தக் கண்ணீர்க் கதை.

மயில்கொன்றைச் செடி உங்களுக்குத் தெரியும். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வளரும். சிவப்பு இதழ், ஓரத்தில் மஞ்சள் கரை. நடுவே நீண்ட நரம்புகள் மயில் கொண்டை போல நீட்டிக்கொண்டிருக்கும். நம் ஊரில் ரெயில் நிலையத் தோட்டங்களில் கூட நிற்கும். பாயின்சி கவர்னரின் பெயரை முதலில் பெற்றது இந்தச் செடிதான்.

கரிபியனில் இதற்கு 'பார்படாசின் பெருமை' என்று பெயர். அந்தத் தீவின் தேசிய மலர். அரசுச் சின்னத்திலும் இரண்டு பூக்கள் பொறித்திருக்கிறார்கள்.

1699-ல் மரியா சிபில்லா மேரியன் என்ற அம்மையார், ஆலந்து நாட்டில் இருந்து கப்பல் ஏறினார். வயது 52. கூட வந்தது இளைய மகள் மட்டும். புழு எப்படிப் பட்டாம்பூச்சி ஆகிறது என்று படம் வரைவது அவருடைய ஆசை. அதற்காகத் தம் ஓவியங்களை விற்றுப் பணம் சேர்த்தார். கரிபியன் தீவுகளுக்குத் தெற்கே, தென் அமெரிக்கக் கரையில் உள்ள சூரினாம் என்ற ஆலந்துக் குடியேற்றத்துக்குப் போனார். அங்கும் கரும்புத் தோட்டம்தான். அங்கும் அடிமைகள்தான்.

அங்கே மயில்கொன்றையையும் வரைந்தார். படத்தோடு ஒரு குறிப்பும் எழுதினார். அந்தக் குறிப்பு 1705-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கிறது.

அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தையும் அடிமை. அதுதான் அன்றைய சட்டம். பிறந்த அன்றே அது முதலாளியின் சொத்து. விற்கலாம், வாங்கலாம். தன் வயிற்றுப் பிள்ளை சவுக்கடி பட்டு வாழ்வதைப் பார்ப்பதை விட, அது பிறக்காமலே இருக்கட்டும் என்று அந்தப் பெண்கள் முடிவு செய்தார்கள். இந்தச் செடியைக் கொண்டு கருவைக் கலைத்தார்கள். இதை அந்த அடிமைப் பெண்களே தம்மிடம் சொன்னதாக மேரியன் அம்மையார் எழுதியிருக்கிறார். சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள் என்றும் எழுதினார். செத்தால் சொந்த நாட்டில் சுதந்திரமாகப் பிறப்போம் என்பது அவர்கள் நம்பிக்கை.

குழந்தை வேண்டாம் என்று எந்தத் தாய் ஆசைப்படுவாள்? அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியது எது? ஐரோப்பாவில் சர்க்கரை போட்டுக் காப்பி குடித்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டார்களா?

செடி ஐரோப்பாவுக்குப் போயிற்று. கண்ணாடி வீடுகளில் அழகுக்காக வளர்த்தார்கள். அந்தப் பெண்களின் கதையை மட்டும் இரண்டு மூன்று நூற்றாண்டு யாரும் பெரிதாகப் பேசவில்லை. அண்மைக் காலத்து வரலாற்று அறிஞர்கள்தான் அதைத் தோண்டி எடுத்தார்கள்.

இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்த தீவுகளில் 1834-ல் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் நடப்புக்கு வந்தது. ஆனாலும் 'பயிற்சி வேலை' என்ற பெயரில் 1838 வரை பிடித்து வைத்திருந்தார்கள். இன்று அவர்களின் வழி வந்தவர்கள்தான் பார்படாசை ஆளுகிறார்கள். 2021-ல் அது குடியரசு ஆனது. சின்னத்தில் மயில்கொன்றை அப்படியே இருக்கிறது.

சுற்றி வந்த செண்டுமல்லி

விடுதலை பெற்றவர்களில் பலர் கரும்புத் தோட்டத்தை விட்டு விலகினார்கள். முதலாளிகளுக்கு ஆள் வேண்டும். எங்கே போனார்கள்? நம் நாட்டுக்கு வந்தார்கள்!

1845 மே 30-ஆம் தேதி, 'பத்தேல் ரசாக்' என்ற கப்பல் டிரினிடாட் தீவில் போய் நின்றது. கல்கத்தாவில் இருந்து மூன்று மாதத்துக்கு மேல் பயணம். உள்ளே 200-க்கு மேற்பட்ட இந்தியக் கூலிகள். 1917 வரை சுமார் 1,44,000 பேர் அந்த ஒரு தீவுக்கு மட்டும் போனார்கள். சென்னைத் துறைமுகத்தில் இருந்து ஏறியவர்களும் அதில் உண்டு. பிரெஞ்சுக்காரர்களின் மார்த்தினிக், குவாடலூப் தீவுகளுக்கு 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் போனார்கள். குவாடலூப்பில் இன்றும் மாரியம்மன் கோவில் இருக்கிறது. அம்மனை 'மாலியேமின்' என்கிறார்கள். நாக்கு மாறிவிட்டது. தாய் மாறவில்லை.

டிரினிடாடில் இந்துக்களின் வீட்டு வாசலில் மூங்கில் கம்பில் கொடி பறக்கும். பக்கத்தில் துளசி. அதை ஒட்டிச் செம்பருத்தி, செண்டுமல்லி. எல்லாம் பூசைக்கு.

செண்டுமல்லி எந்த நாட்டுப் பூ என்று நினைக்கிறீர்கள்? அதன் பிறந்த வீடு மெக்சிகோ! கரிபியன் கடலின் மேற்குக் கரை. ஐரோப்பியக் கப்பல்களில் ஏறி இந்தியாவுக்கு வந்தது. இங்கே மாலை ஆனது, தோரணம் ஆனது, சாமிக்கு உகந்த பூவும் ஆகிவிட்டது. பூசைக்கு அதுவே வேண்டும் என்ற பழக்கத்தை நம் கூலி மக்கள் நெஞ்சில் சுமந்துகொண்டு, பூ பிறந்த கடற்கரைக்கே திரும்பப் போனார்கள்.

சாலை ஓரத்துச் செடி

டிரினிடாடின் தேசிய மலர் சக்கோனியா. காட்டில் தானே வளர்வது. நீண்ட கொம்பு முழுக்கச் சிவப்புத் தகடுகள் வரிசையாக நிற்கும். கடைசி ஸ்பானியக் கவர்னர் சக்கோன் பெயரால் வந்த பெயர். அவர் 1797-ல் தீவை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போனவர். தோற்றுப் போனவர் பெயர் பூவில் நின்றுவிட்டது! ஆகஸ்டு 31 அந்த நாட்டின் சுதந்திர நாள். சுதந்திரம் வந்தது 1962-ல். அந்த நாளை ஒட்டியும் இது பூத்து நிற்கும் என்று டிரினிடாட் மக்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

இதில் இரட்டை அடுக்குப் பூ ஒன்று உண்டு. தகடுகள் நெருங்கி அடர்ந்து, கொம்பு முழுவதும் சிவப்புச் சாமரம் போல இருக்கும். தோட்டக்காரர்கள் விரும்பி நடுவது அதைத்தான். அது கிடைத்த விதம் வேடிக்கை. 1957-ல் அரிமா ஊரில் இருந்து மலை வழியாகப் பிளாஞ்சிசெஸ் போகும் சாலையில் ஓர் அம்மாள் போய்க்கொண்டிருந்தார். சாலை ஓரத்தில் ஒரு சக்கோனியா மட்டும் மற்றவை போல் இல்லாமல் அடுக்கடுக்காகப் பூத்திருந்தது. எத்தனையோ பேர் தாண்டிப் போன செடி அது. அவர் கண்ணில் பட்டது. அதில் இருந்து கிளைகளை வெட்டி, செடி நூல் வல்லுநர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் அவற்றைத் துளிர்க்க வைத்தார்கள்.

இன்று உலகத்தில் எந்தத் தோட்டத்தில் இரட்டைச் சக்கோனியா நின்றாலும், அது அந்த ஒற்றைச் செடியின் கிளைக்குக் கிளை வழி வந்த பிள்ளைதான்.